கேக் மாவும் அமானிதமும்

 

கேக் செய்வதைப் பற்றி மார்க்கம் பேசும் பக்கத்தில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். எங்களுக்கும் ஒரு காலத்தில் அந்த எண்ணம் இருந்தது. ஒரு சித்திரை மாத இரவு அதனை மாற்றியது.

திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீட்டுப் பெண்கள் சில ஆண்டுகளாக, பெருநாளுக்கும் விருந்துகளுக்கும் அக்கம்பக்கத்தார் கேட்கும் கேக்குகளைச் செய்து கொடுத்து வருகிறோம். மதரஸாவில் கிடைக்கும் ஊதியத்தோடு இந்தச் சிறு வருமானமும் சேர்ந்தே குடும்பம் நடக்கிறது. அந்தச் சித்திரையில் ஓர் அகீகா விருந்துக்காக இரண்டு கிலோ வெண்ணெய்க் கேக் கேட்டு முன்பணமும் தந்திருந்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குக் கொடுத்தாக வேண்டும்.

மஃக்ரிபுக்குப் பின் வேலையைத் தொடங்கினோம். பகல் முழுவதும் காய்ந்த வீடு அப்போதும் அனலாக இருந்தது. வெண்ணெயை மதியமே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெளியில் வைத்திருந்தோம். சமையல் குறிப்பில் 'அறை வெப்பநிலை' என்று இருந்ததல்லவா! சர்க்கரையைச் சேர்த்து அடித்தபோது அது வெளுத்துப் பொங்காமல் மஞ்சள் கூழாக நெளிந்தது. முட்டையை ஊற்றியதும் திரிந்தது. மனம் பதறியதால் பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டி கூடுதலாகப் போட்டோம். மைதாவைக் கொட்டிய பிறகும் கட்டி தெரியக் கூடாது என்று பீட்டரை ஐந்து நிமிடம் ஓடவிட்டோம். இஷாவுக்குப் பின் ஓவனைத் திறந்தால், இரண்டு தட்டிலும் கேக் நடுவில் குழிந்து கிடந்தது. வெட்டிப் பார்த்தோம். அடியில் களி போல ஒரு படலம், அதற்கு மேல் புழு துளைத்தது போன்ற நீண்ட துளைகள்.

எங்கள் மகள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, குழியில க்ரீமை நிரப்பிடலாம். மேலயும் க்ரீம் பூசிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு நாங்கள் உடனே மறுப்புச் சொல்லவில்லை. முன்பணம் ஏற்கெனவே செலவாகியிருந்தது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஓர் உணவுத் தானியக் குவியலினுள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சியை நம்மில் பலர் அறிவோம். மேலே காய்ந்திருந்த குவியலின் உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவிய நபியவர்கள், ஏமாற்றுவதைக் கடுமையாக எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான இந்த ஹதீஸை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துபவர்கள் நாங்கள். அந்த இரவில், ஈரத்தின் மேல் க்ரீம் பூசலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றோம்.

உள்ளறையிலிருந்து எழுந்து வந்த மாமி கேக்கைப் பார்த்தார்கள். பேத்தியின் சொல் அவர்கள் காதில் விழுந்திருந்தது. "வாங்குறவங்களுக்குத் தெரியாட்டிப் போகட்டும்மா. ரப்புக்குத் தெரியுமில்ல?" என்றார்கள். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

இரவு பத்து மணிக்கு அந்தக் குடும்பத்தாருக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னோம். காலையில் க்ரீம் இல்லாத எளிய முட்டைக் கேக் தர முடியும் என்றும், வேண்டாமெனில் முன்பணத்தை எப்படியேனும் திருப்பித் தருகிறோம் என்றும் கூறினோம். மறுமுனையில் வருத்தம் தெரிந்தது. வேறு வழியில்லாததால் ஒப்புக்கொண்டார்கள். ஃபஜ்ரு தொழுதுவிட்டு மாமி முட்டையும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெண்ணெயைத் தொடவே இல்லை. அந்தக் கேக்குகள் பஞ்சு போல எழும்பின.

அதே வீடு, அதே ஓவன், அதே மைதா. மாறியது கலக்கும் முறை மட்டுமே. அதன் பிறகுதான் எந்த முறை எதற்கு என்பதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டோம். கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஒளுவைக் கற்பிக்கும்போது 'தர்தீப்' என்னும் வரிசைமுறையைச் சொல்லிக் கொடுக்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் அது ஃபர்ளு. ஹனஃபி மத்ஹபில் சுன்னத். வணக்கத்தையும் சமையலையும் சமமாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. வரிசை என்பது ஓரிடத்தில் கட்டாயமாகவும் ஓரிடத்தில் சிறப்பாகவும் இருக்கக்கூடும் என்பதைப் பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்கிறார்கள். மாவு கலப்பதிலும் அத்தகைய வேறுபாடு உண்டு. சில கேக்குகளில் வரிசை தவறினால் கேக்கே இல்லை. சிலவற்றில் அதற்குச் சலுகை உண்டு.

முதலாவது, வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து அடிக்கும் முறை. வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா நான்கும் சம எடையில் சேரும் கனமான வெண்ணெய்க் கேக்கிற்கு உரியது. நான்கு முட்டை ஓடு நீங்கலாக ஏறத்தாழ 200 கிராம் இருக்கும்; மற்ற மூன்றும் அதே 200 கிராம். சர்க்கரைப் பரல்களின் கூரிய முனைகள் வெண்ணெயைக் கீறி, எண்ணற்ற காற்றுக் குமிழ்களை அதனுள் அடைக்கின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ்களை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் குமிழ்களைப் பெரிதாக்குகிறது. ஆகவே, அடிக்கும்போது சேராத காற்றைக் கூடுதல் பேக்கிங் பவுடரால் ஈடுகட்ட முடியாது. அந்த இரவில் நாங்கள் செய்த தவறு அதுவே.

காற்றைப் பிடித்து வைக்க வெண்ணெய் 18 முதல் 20 பாகை அளவில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். பளபளப்பு வரக் கூடாது. குறிப்பு எழுதியவரின் அறை குளிர்நாட்டு அறை. சித்திரை மதியத்தில் திண்டுக்கல் அடுப்படி 35 பாகைக்குக் குறைவதில்லை. அந்தச் சூட்டில் வெண்ணெய் உருகி எண்ணெயாகிவிடும், எண்ணெய் காற்றைத் தாங்காது. இப்போது நாங்கள் ஃபஜ்ருக்குப் பின்னரே இந்தக் கேக்கைத் தொடங்குகிறோம். வெண்ணெயைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் பத்து நிமிடம் மட்டும் வெளியில் வைக்கிறோம். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரின் மேல் வைத்து அடிக்கிறோம். சர்க்கரையை மிக்ஸியில் ஓட்டும்போது மாவாக்கிவிடாமல், நைஸ் ரவை போல நிறுத்திக்கொள்வது நல்லது. மாவாகிவிட்டால் கீறும் முனைகள் இருக்காது. கலவை வெளுத்துப் பொங்கிய பின் முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். திரிவது போலத் தெரிந்தால் ஒரு கரண்டி மைதா தூவினால் சேர்ந்துவிடும். இங்கே வரிசை கட்டாயம்; மாற்ற இடமில்லை.

நம் மாவட்டத்திலேயே உள்ள கொடைக்கானலில் இந்த வெண்ணெய்ச் சிக்கல் இல்லை. அங்கே வேறு சிக்கல். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. குமிழ்கள் மிகையாக விரிந்து கேக் எழும்பிப் பின் விழுந்துவிடும். அங்கே பேக்கிங் பவுடரைக் குறைக்க வேண்டும். முட்டையையும் சற்று இளக்கமாகவே அடிக்க வேண்டும். மலையடிவாரத்துக் குறிப்பு மலைமேல் அப்படியே செல்லாது.

இரண்டாவது, முட்டையை நுரைக்க அடிக்கும் முறை. அன்று காலை மாமி கையாண்டது இதுவே. முட்டை ஒன்றுக்கு 30 கிராம் சர்க்கரை, 30 கிராம் மைதா. முழு முட்டையையும் சர்க்கரையையும் சேர்த்து, கலவை வெளுத்து மும்மடங்காகும் வரை அடிக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் விழும் கலவை நாடா போல மேலே சிறிது நேரம் நின்று பிறகு அமிழ வேண்டும். அதுவே பதம். இதில் பேக்கிங் பவுடர் தேவையில்லை. எழுச்சி முழுவதும் முட்டை பிடித்த காற்றிலிருந்தே வருகிறது. முட்டை இளஞ்சூட்டில் நன்றாக நுரைக்கும் என்பதால், வெண்ணெய்க்குப் பகையான நம் ஊர் வெயில் இதற்கு நட்பு. மைதாவைச் சலித்துச் சலித்து மேலே தூவி, தட்டைக் கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டி மடித்துச் சேர்க்க வேண்டும். சுழற்றிக் கலக்கினால் காற்று போய்விடும். கலந்தவுடன் ஓவனில் வைத்துவிட வேண்டும். தொலைபேசி அழைத்தாலும் எடுக்கக் கூடாது.

வெள்ளைக் கருவை மட்டும் தனியாக அடிப்பவர்கள் பாத்திரத்தில் நெய்ப்பசை துளியும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் கரு சிறிது கலந்தாலும் நுரை நிற்காது. நம் கடலோர ஊர்களில் ரவையும் முட்டையும் நெய்யும் சேர்த்துச் செய்யும் தம்மடைக்கு, சட்டியின் அடியிலும் மூடியின் மேலும் தணலிட்டு வேகவைத்த பாட்டிமார் முட்டையை அடிக்கும் பதத்தைப் புத்தகம் பார்த்துக் கற்கவில்லை. மாமிக்கும் அந்தப் பதம் கையில் இருந்தது. அருகில் இருந்தும் நாங்கள் கேட்டுக்கொள்ளாமல் இருந்தோம்.

மூன்றாவது, ஈரத்தையும் உலர்ந்ததையும் தனித்தனியே கலந்து கடைசியில் சேர்க்கும் முறை. எண்ணெய் அல்லது உருக்கிய வெண்ணெய், முட்டை, தயிர் அல்லது பால், சர்க்கரை ஒரு பாத்திரத்தில்; மைதா, பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு மற்றொன்றில். சேர்த்த பின் பத்துப் பன்னிரண்டு முறை கரண்டியால் கிண்டினால் போதும். சிறு கட்டிகள் இருந்தாலும் விட்டுவிட வேண்டும். அவை வேகும்போது கரைந்துவிடும். மைதாவில் நீர் பட்டு, மேலும் மேலும் கலக்கக் கலக்க அதிலுள்ள புரதம் இழுவையாகிறது. அந்த இழுவைதான் எங்கள் கேக்கில் புழுத் துளைகளாகத் தெரிந்தது. புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழம் தோல் கறுத்துக் கனிந்துவிட்டால் எறிய வேண்டாம். இந்த முறைக்கு அதைவிடச் சிறந்த பழம் இல்லை. 200 கிராம் மைதாவுக்கு 250 கிராம் மசித்த பழம், 100 மில்லி எண்ணெய், 150 கிராம் சர்க்கரை, இரண்டு முட்டை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சோடா உப்பு. புளிப்பு இருந்தால்தான் சோடா உப்பு வேலை செய்யும். பழமும் தயிரும் அந்தப் புளிப்பைத் தருகின்றன. இதில் ஈரப்பொருள்களை எந்த வரிசையில் ஊற்றினாலும் குறையில்லை. எங்கே நிறுத்துவது என்பதே முக்கியம். வெயில் காலத்துக்கும், நோன்பு வைத்துக்கொண்டு களைத்திருக்கும் மாலைக்கும் ஏற்ற முறை இது.

நான்காவது, பிசிறும் முறை. முறுக்கு மாவில் வெண்ணெயைப் பிசிறுவது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அதையே மைதாவில் செய்கிறோம். குளிர்ந்த வெண்ணெயை மைதாவில் இட்டு, விரல் நுனிகளால் ரவை போல உதிரும்வரை தேய்க்க வேண்டும். உள்ளங்கை படலாகாது, அதன் சூடு வெண்ணெயை உருக்கிவிடும். கொழுப்பு மாவைப் போர்த்திக்கொள்வதால் நீர் சேர்ந்தாலும் இழுவை வராது. வாயில் வைத்தால் உதிரும். உப்பு பிஸ்கட்டுக்கும், உள்ளே பூரணம் வைத்துச் சுடும் பண்டங்களின் மேல்மாவுக்கும் உரியது.

ஐந்தாவது, பிசையும் முறை. மற்ற நான்கிலும் எந்த இழுவையைத் தவிர்க்கப் பாடுபட்டோமோ, பன்னுக்கும் ரொட்டிக்கும் அதுவே வேண்டும். பரோட்டாக் கடையில் மாவை எவ்வளவு நேரம் பிசைகிறார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாவை இழுத்தால் கிழியாமல் மெல்லிய சவ்வாக விரிய வேண்டும். ஈஸ்ட் சேர்த்த மாவு நம் ஊர்ச் சூட்டில் விரைவாகப் பொங்கும். ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல், இருமடங்கானதா என்று மாவைப் பார்க்க வேண்டும்.

ஆக, கேக் உறுதியாகவும் வெண்ணெய் மணத்தோடும் வேண்டுமெனில் குழைத்தடித்தல். பஞ்சு போல இலகுவாக வேண்டுமெனில் முட்டை நுரை. விரைவும் ஈரப்பதமும் வேண்டுமெனில் ஈரமும் உலர்வும் சேர்த்தல். உதிர வேண்டுமெனில் பிசிறல். இழுவை வேண்டுமெனில் பிசைதல். எந்தக் குறிப்பை எடுத்தாலும், இது எந்த முறையைச் சேர்ந்தது என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதித் தவறுகள் நேரா.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஒரே கப்பில் மைதாவைத் தளர்வாக நிரப்பினால் 120 கிராம். அழுத்தி நிரப்பினால் 150 கிராம். ஆகவே சிறு எடை இயந்திரம் ஒன்று வாங்கினோம். நோன்பு நோற்றிருப்பவர் தேவையின்றி உணவைச் சுவைத்துப் பார்ப்பது மக்ரூஹ் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. நாவின் துணையின்றிச் சமைக்கும் அந்த நாள்களில் எடையும் முறையும்தான் நம்பத்தக்கவை. விற்பவர்களுக்கு இது இன்னும் பெரிய பொறுப்பு. ஒரு கிலோ என்று சொல்லி வாங்கிய பணத்துக்கு ஒரு கிலோ இருக்க வேண்டும். அதில் க்ரீமின் எடையும் சேருமா என்பதை முன்னரே சொல்லிவிட வேண்டும். அளவையில் குறைப்போரைக் கண்டித்து ஒரு தனி அத்தியாயமே, அல்முதஃப்ஃபிஃபீன், அருளப்பட்டிருக்கும்போது நாம் கவனக்குறைவாக இருக்கலாகாது. இயற்கை வெனிலாச் சாறு மதுசாரத்தில் ஊறவைத்து எடுக்கப்படுவதால், எங்கள் வீட்டில் ஏலக்காயோடு நின்றுவிடுகிறோம். வாங்குபவர் கேட்காவிட்டாலும் என்னென்ன சேர்த்தோம் என்பதை எழுதிக் கொடுக்கிறோம்.

அந்த அகீகா வீட்டாருக்கு முட்டைக் கேக்கின் அடக்கவிலையை மட்டும் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தை அடுத்த மாதம் திருப்பிக் கொடுத்தோம். அவர்கள் பெற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு எங்களிடம் கேக் கேட்டு அவர்கள் வரவில்லை. உண்மை பேசியதற்கு உடனே இவ்வுலகில் பரிசு கிடைத்தது என்று கதை முடிக்க எங்களுக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது அதுவல்ல. குழிந்துபோன கேக்கை வீணாக்க மனமின்றி, களிப் படலத்தை நீக்கி, மெல்லிய துண்டுகளாக நறுக்கி, மீண்டும் ஓவனில் காயவைத்து ரஸ்க் போல ஆக்கினோம். ஒரு வாரம் தேநீரோடு நாங்களே தின்று தீர்த்தோம். ஒவ்வொரு துண்டும் அந்த இரவை நினைவூட்டியது.

அந்த ஹதீஸைப் பாடம் நடத்தும் நாள் இப்போதும் ஆண்டுதோறும் வருகிறது. முன்பு அதைத் தானிய வியாபாரியின் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது பிள்ளைகளிடம் எங்கள் கேக்கின் கதையையும் சேர்த்துச் சொல்கிறோம். நாங்கள் சற்று நேரம் பேசாமல் நின்றதையும் மறைப்பதில்லை. சென்ற முறை ஒரு சிறுமி கேட்டாள்: "மாமி முழிச்சு வராட்டி என்ன செஞ்சிருப்பீங்க உஸ்தாது?" எங்களுக்குப் பதில் தெரியவில்லை என்றே சொன்னோம்.

செய்யும் தொழில் சிறிதாயினும் அதன் முறையறிந்து செய்யவும், தவறியதை மறைக்காமல் ஒப்புக்கொள்ளவும், நம் வீட்டுப் பெரியவர்களின் கைப்பக்குவத்தை அவர்கள் இருக்கும்போதே கற்றுக்கொள்ளவும், நம் சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்கிக்கொள்ளவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.